உப்பால் பிறந்த மிட்டாய்

பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் இனிப்பு தூக்கிக் கொடுக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த உப்பு நாக்கில் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் சமைத்தவளுக்கு கை தவறிவிட்டது என்று அர்த்தம்.

உப்பு தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் ஓர் இனிப்பு உண்டு என்பதை என் அறுபத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி என்ற பகுதியில் வீட்டுக்கு வீடு செய்யும் கேரமல் மிட்டாய் அது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் என் சம்பந்தியம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. அதோடு, அந்த வீட்டுக்குப் போகும்போது என் மனதில் ஒரு பழைய முள்ளும் இருந்தது.

2021-இல் மகனுக்கு அங்கே கல்யாணம் நடந்தபோது கொரோனா காலம். எங்களால் போக முடியவில்லை. வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தோம். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையை அவனுடைய அம்மாதான் கையைப் பிடித்து அழைத்து வருவாளாம். அம்மா இல்லாததால் பெண்ணின் அம்மாவே அந்த வேலையையும் செய்தார். என் இடத்தில் வேறொருத்தி என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததை, விட்டு விட்டு வந்த வீடியோவில் பார்த்தேன். யார் மேலும் தப்பில்லை. ஆனாலும் அது உள்ளே எங்கோ தைத்து அப்படியே நின்றுவிட்டது.

பேத்தி பிறந்து, அவளுக்கு இரண்டு வயது முடிந்த பிறகு, ஒரு ஜூலை மாதம்தான் விசா, டிக்கெட் எல்லாம் கூடி வந்தது.

நான்த் நகரில் சர்க்கரை

மகன் குடியிருப்பது லுவார் நதிக்கரையில் இருக்கும் நான்த் நகரத்தில். ஜூலையில் அங்கே இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் நடக்கப் போவோம்.

இரண்டாம் நாள் நடந்தபோது காலடியில் சின்னச் சின்னக் கண்ணாடிப் பலகைகள் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வருடம். கோயில் படிக்கட்டில் உபயதாரர் பெயர் வெட்டுவார்களே, அப்படி ஏதோ என்று நினைத்துக் கேட்டேன். மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதெல்லாம் அடிமைகளை ஏற்றிப் போன கப்பலோட பேரும்மா" என்றான்.

அடிமை வணிகத்தில் பிரான்ஸின் மிகப் பெரிய துறைமுகமாக இருந்தது இந்த நான்த். 2012-இல் அதற்கு இங்கே ஒரு நினைவிடம் திறந்திருக்கிறார்கள். சுமார் 2000 கண்ணாடிப் பலகைகள். அதில் 1710 பலகைகள் இந்த ஊரிலிருந்து கிளம்பிய அடிமைக் கப்பல்களுக்கு. கப்பல் ஆப்பிரிக்காவுக்குப் போகும். சரக்கைக் கொடுத்து மனிதர்களை வாங்கும். அவர்களைக் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் விற்றுவிட்டு, சர்க்கரையை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்.

மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்கில் இந்தியப் பருத்தித் துணியும் ஒன்று என்று மருமகள் சொன்னாள். நம் சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் போட்ட நீலத்துணிக்கு அந்த வியாபாரத்தில் நல்ல கிராக்கியாம். நம் ஊர்த் தறியில் நெய்தவனுக்கு அந்தத் துணி எதற்காகப் போகிறது என்று தெரிந்திருக்குமா?

இன்று பிரான்ஸில் பெரும்பாலும் பீட்ரூட் இனத்துக் கிழங்கிலிருந்துதான் சர்க்கரை எடுக்கிறார்கள். ஆனால் இந்த மண்ணில் மிட்டாயும் கேக்கும் பிஸ்கட்டும் பெருகியதற்குப் பின்னால் அந்தக் கப்பல்கள் இருக்கின்றன. அன்றைக்கு இரவு காபிக்குச் சர்க்கரை போடும்போது கை ஒரு நிமிடம் நின்றது.

கெராந்தில் உப்பு

சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினோம். அவர்கள் இருப்பது கிபெரோன் என்ற கடலோர ஊர். "உனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கும்மா, கொஞ்சம் சுத்திப் போகலாம்" என்று மகன் காரைத் திருப்பினான்.

கெராந்து என்ற ஊர் வந்தது. இறங்கிப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்பளம்! பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீர், நடுவே குறுகலான களிமண் வரப்பு, வரப்பு ஓரத்தில் குவித்த உப்பு. நான் பிறந்து வளர்ந்தது வேதாரண்யத்தில். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அந்தக் காற்றில் வந்த வாடைகூட எனக்குப் பழகியதுதான்.

ஒரு மனிதர் நீண்ட கழியில் பலகை பொருத்தி உப்பை வாரிக்கொண்டிருந்தார். இங்கே இன்றும் எல்லாம் கைவேலைதானாம். அடியில் படியும் கல் உப்பு களிமண்ணின் நிறம் ஏறிச் சாம்பலாக இருக்கிறது. வெயிலும் காற்றும் ஒத்துவரும் நாட்களில் தண்ணீரின் மேலே ஏடு மாதிரி ஒரு வெள்ளைப் படலம் கட்டுகிறது. அதைத் தனியாக, கீழே கலக்காமல், மெதுவாக எடுக்கிறார்கள். அதற்கு 'உப்புப் பூ' என்று பெயர். முன்பெல்லாம் அதை எடுப்பது பெண்கள் வேலையாக இருந்ததாம். விலையும் பூ விலைதான். கல் உப்பைவிடப் பல மடங்கு.

அங்கேதான் மருமகள் அந்தக் கதையைச் சொன்னாள். பழைய பிரான்ஸில் உப்புக்குக் கடுமையான வரி இருந்தது. 'கபெல்' என்று பெயர். நாட்டின் பெரும்பகுதியில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் வருடத்துக்கு இவ்வளவு உப்பு அரசாங்கக் கிடங்கில் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரிட்டனி தனி அரசாக இருந்து 1532-இல் பிரான்ஸோடு சேர்ந்த பகுதி. அதன் பழைய உரிமைகளில் ஒன்றாக, உப்பு வரி கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் உப்பு மலிவு. அந்தப் பக்கம் அதே உப்பு இருபது மடங்குக்கும் மேல் விலை.

பிறகென்ன, கடத்தல்தான். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் உப்பு கடத்தினார்கள். பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்புப் போடும் தண்டனைக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்த பிறகு, 1790-இல் அந்த வரி ஒழிந்தது.

எனக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்க ஆரம்பித்த ராஜாஜி, அந்த மாதக் கடைசியில் உப்பு அள்ளிக் கைதானது எங்கள் ஊரில்தான். அகஸ்தியம்பள்ளியில் அதற்கு நினைவுத் தூண் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வருடா வருடம் வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார்கள். மகனை மொழிபெயர்க்கச் சொல்லி, மருமகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டாள். "அப்படின்னா நாம ரெண்டு பேரும் உப்பு ஊர்க்காரங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் நானும் நேருக்கு நேராகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கிபெரோனில் வெண்ணெய்

கிபெரோன் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போகும் ஒரு தீபகற்பம். நுழைகிற இடத்தில் நிலம் மிகக் குறுகலாகி, இரு பக்கமும் கடல் தெரிகிறது. தனுஷ்கோடி சாலை ஞாபகம் வந்தது. உள்ளே போக ஒரே சாலை. கோடை விடுமுறையில் கார்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. அந்த நெரிசலுக்காகவே கோடையில் மட்டும் ஒரு ரயில் விடுகிறார்கள். அதற்குப் பாட்டில் மூடியைத் திருகி எடுக்கும் கருவியின் பெயரைச் செல்லமாக வைத்திருக்கிறார்கள்.

மேற்குப் பக்கம் பாறையில் அலை மோதும் முரட்டுக் கடல். கிழக்குப் பக்கம் குழந்தைகள் குளிக்கும் அமைதியான மணற்கரை. மத்தி மீனுக்குப் பெயர்போன ஊர். சம்பந்தியம்மாவும் இளம் வயதில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான்.

வாசலில் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வரவேற்றார். நான் கை கூப்பினேன். கொண்டுபோன பட்டுப்புடவையைக் கொடுத்தேன். தடவிப் பார்த்து ஏதோ சொன்னார். இதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

காலையில் ரொட்டியோடு வெண்ணெய் வைத்தார்கள். கடித்தால் உப்பு! பிரான்ஸின் மற்ற பகுதிகளில் உப்பில்லாத வெண்ணெய்தான் வழக்கம். பிரிட்டனியில் மட்டும் உப்பு வெண்ணெய். காரணம் அதே வரிதான். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் வெண்ணெய் கெடாமல் இருக்க உப்பு போட வேண்டும். உப்பு மலிவாகக் கிடைத்த ஊரில் தாராளமாகப் போட்டார்கள். மற்றவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வரி போய் இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாக்கு மட்டும் மாறவில்லை.

நாமும் இதே பிரச்சினையைச் சந்தித்தவர்கள்தான். நம் வெயிலுக்கு வெண்ணெய் எத்தனை நாள் தாங்கும்? நாம் முருங்கை இலையைப் போட்டுக் காய்ச்சி நெய்யாக்கிக் காப்பாற்றினோம். அவர்கள் உப்பைப் போட்டுக் காப்பாற்றினார்கள்.

உப்பு வெண்ணெய் இருக்கும் வீட்டில் மிட்டாய் காய்ச்சினால் அதில் உப்பு இல்லாமலா இருக்கும்? இந்தக் கேரமலை உலகமே பேச வைத்ததும் இந்த ஊர்தான். 1977-இல் ஆன்ரி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர் கிபெரோனில் கடை போட்டார். உப்பு வெண்ணெயில், கொட்டை வகைகளைப் பொடித்துப் போட்டு அவர் செய்த கேரமல் 1980-இல் பாரிஸில் பிரான்ஸின் சிறந்த மிட்டாய் என்று பரிசு வாங்கியது. இன்று ஐஸ்கிரீம், காபி, கேக் என்று எங்கு பார்த்தாலும் இருக்கிற 'சால்ட்டட் கேரமல்' புகழுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கரண்டி பறிபோனது

மறுநாள் மதியம் மற்றவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். மேடையில் சர்க்கரை, வெண்ணெய், பாலேடு. மூன்றே சாமான்.

அடி கனமான பாத்திரத்தில் வெறும் சர்க்கரையைப் பரப்பி அடுப்பில் வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. எனக்குப் பகீரென்றது. அதிரசத்துக்கும் பொருள்விளங்கா உருண்டைக்கும் எத்தனை வருஷம் வெல்லப்பாகு காய்ச்சியிருக்கிறேன்! ஓரத்தில் சர்க்கரை உருக ஆரம்பித்ததும், அடி பிடித்துவிடப் போகிறதே என்று பக்கத்தில் இருந்த கரண்டியை எடுத்து அவசரமாகக் கிளறினேன்.

அவர் "நோ, நோ" என்று சொல்லி என் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிட்டார். வாங்கிவிட்டார் என்பதைவிடப் பிடுங்கினார் என்பதுதான் சரி.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அடுப்படியில் முப்பத்தைந்து வருஷமாக என் கையிலிருந்து யாரும் கரண்டியைப் பிடுங்கியதில்லை. அந்தக் கல்யாண வீடியோ வேறு ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் என் இடம், இங்கேயும் என் இடமா? பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் சாய்த்துக் காட்டினார். நான் கிளறிய இடமெல்லாம் கட்டி கட்டியாக, மணல் மணலாகப் பூத்துப்போயிருந்தது. கிளறாத பக்கம் தேன் போலத் தெளிவாக உருகியிருந்தது. வாயால் சொல்ல முடியாததைப் பாத்திரம் சொல்லிவிட்டது.

வெல்லத்துக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் இதுதான் வித்தியாசம். வெல்லத்தில் கரும்புச் சாற்றின் வேறு சர்க்கரைகளும் கலந்திருப்பதால், கிளறினாலும் அவ்வளவு சுலபத்தில் பூக்காது. வெள்ளைச் சர்க்கரை சுத்தமானது. பாதி உருகி இருக்கும்போது கரண்டி பட்டால் மறுபடி படிகமாகிவிடும். பாத்திரத்தைக் கையால் சுழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷப் பழக்கம் என் கையை ஏமாற்றிவிட்டது.

அவர் அந்தப் பாத்திரத்தை ஊற வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்து அடுப்பில் வைத்தார். சர்க்கரையை என் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். சர்க்கரை முழுதும் உருகி, தேன் நிறம் வந்து, பிறகு பழைய செப்புக்காசு நிறம் வந்தது. லேசாகப் புகைவதற்கு முன்னால் அடுப்பை அணைத்து, சூடான பாலேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். புஸ்ஸென்று பொங்கியது. அப்புறம் வெண்ணெய். மறுபடி அடுப்பு. இப்போது கரண்டியை அவரே என் கையில் கொடுத்தார். பாலேடு சேர்ந்துவிட்டால் பூக்கும் பயம் குறைவு. இனி கிளறாவிட்டால்தான் அடி பிடிக்கும்.

பத்து நிமிடம் கழித்து ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை வைத்தார். கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டு, விரலால் உருட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உருட்டுப் பதம்! என் பாட்டி சொன்ன அதே பதம், அதே கிண்ணத் தண்ணீர், அதே இரண்டு விரல்.

முதல் சொட்டு தண்ணீரில் கரைந்தது. நான் தலையை ஆட்டினேன். இரண்டாவது உருண்டது, ஆனால் தூக்கினால் நசுங்கியது. இருவரும் சேர்ந்து தலையை ஆட்டினோம். மூன்றாவது உருண்டு, விரலில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் "போதும்" என்றேன், தமிழில். அடுப்பை அணைத்துவிட்டார்.

பெயர் எழுதிய பெட்டி

தட்டில் ஊற்றிய கேரமல் ஆறுவதற்கு ஒரு இரவு வேண்டும். மறுநாள் காலை எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் துண்டு போட, சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகத் தாளில் வைத்து இரண்டு பக்கமும் முறுக்கினார். பேத்தி முறுக்கியதையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பாதியில் சம்பந்தியம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த ஊரில் சர்க்கரைப் பூச்சுப் பூசிய பாதாம் கொடுப்பார்களாம். நாம் தாம்பூலப் பை கொடுப்பது மாதிரி. வர முடியாத மாப்பிள்ளையின் அம்மாவுக்கென்று அன்றைக்கே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாராம். மகன் மொழிபெயர்த்தான்.

பெட்டியின் மேல் என் பெயர் எழுதியிருந்தது. ஓர் எழுத்து தப்பு.

அவர் இன்னொன்றும் சொன்னார். மகன் கொஞ்சம் தயங்கித்தான் அதைச் சொன்னான். "அன்னிக்கு உன் கையை நான் பிடிச்சது இரவல்தான்னு அவங்க அப்பவே என்கிட்ட சொன்னாங்கம்மா. அதை உன்கிட்ட சொல்லச் சொல்றாங்க."

நான் ஒரு கேரமலைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். பேச வேண்டாமே! முதலில் இனிப்பு, நடுவில் பால் வாசனை, கடைசியில் மெல்ல எட்டிப் பார்க்கும் உப்பு.

நம் அடுப்பில்

ஊருக்கு வந்து இரண்டு முறை செய்துவிட்டேன். சர்க்கரை 200 கிராம், பாலேடு (கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீம்) 200 மில்லி, உப்பு வெண்ணெய் 100 கிராம். நம் கடைகளில் கிடைக்கும் உப்பு போட்ட வெண்ணெயே போதும். வீட்டு வெண்ணெய் என்றால் தூளாக்கிய கல் உப்பு அரை டீஸ்பூன் சேர்க்கலாம்.

கறுத்த வாணலி வேண்டாம், நிறம் தெரியாது. எவர்சில்வரில் அடி கனமான பாத்திரம் நல்லது. சர்க்கரை முழுதும் உருகும்வரை கரண்டியைத் தொடாதீர்கள். பாலேட்டைச் சூடு பண்ணித்தான் ஊற்ற வேண்டும், குளிர்ச்சியாக ஊற்றினால் மேலே தெறிக்கும். பாத்திரம் ஆழமாக இருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 118 முதல் 120 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது கிண்ணத் தண்ணீர். நம் ஊர் ஈரக்காற்றில் மிட்டாய் சீக்கிரம் பிசுபிசுக்கும். உடனே பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

போன மாதம் மகனுடைய நண்பர் ஒருவர் பிரான்ஸுக்குத் திரும்பிப் போனார். அவரிடம் ஒரு கிலோ வேதாரண்யம் கல் உப்பைக் கொடுத்து அனுப்பினேன். புடவைக்குப் பதிலாக அன்றைக்கே இதைத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சம்பந்தியம்மா கூப்பிட்டார். பின்னால் அடுப்பில் பாத்திரம், பக்கத்தில் நான் அனுப்பிய உப்புப் பொட்டலம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, கேமராவுக்கு நேராகக் காட்டினார்.

"போதும்" என்றேன். அவரும் "போதும்" என்று தமிழில் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார்.